வீட்டு அடுப்பிலிருந்து சத்துமாவுத் தொழில்: தொடங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேழ்வரகு, கம்பு, நிலக்கடலை, பாசிப்பயறு என்று வீட்டிலேயே விளைச்சல் இருக்கிறது. வீட்டில் அரைத்த சத்துமாவை வாங்கிப் போன உறவுக்காரர்கள், "இதையே பாக்கெட் போட்டு விற்கலாமே" என்கிறார்கள். கிராமத்தில் பெரும்பாலான உணவுத் தொழில்கள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. தொடங்கிய ஆறு மாதத்தில் பல நின்றும் போகின்றன. பொருள் சரியில்லாமல் நின்றவை குறைவு. கணக்கு சரியில்லாமல் நின்றவையும், இரண்டாம் மாதம் மாவில் வண்டு வந்து நின்றவையும்தான் அதிகம். எனவே இந்தக் கட்டுரையில் அந்த இரண்டையும் விரிவாகப் பார்ப்போம். பதிவு, கடன், விற்பனை போன்றவற்றைத் தேவையான அளவுக்குச் சொல்கிறோம்.

ஏன் சத்துமாவு என்று கேட்கலாம். ஊறுகாய், முறுக்கு, தொக்கு எல்லாமே வீட்டில் செய்யக்கூடியவைதான். ஆனால் எண்ணெய்ப் பலகாரத்தில் எண்ணெய் விலை ஏறினால் லாபம் போய்விடும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சவும் முடியாது. ஊறுகாயில் உப்பும் புளிப்பும் கொஞ்சம் பிசகினால் பூஞ்சணம் பிடிக்கும். சத்துமாவு உலர்ந்த பொருள். கையிலுள்ள தானியத்தை வைத்து, பெரிய முதலீடு இல்லாமல், வாரம் பத்து கிலோவில் தொடங்கலாம். வேறு பொருள் செய்பவர்களுக்கும் இங்கே சொல்லும் கணக்கு முறை பொருந்தும்.

தானியம் தேர்வு செய்யும்போது

விதைப்புக்கு வாங்கி மீந்த விதையை எந்தக் காரணம் கொண்டும் மாவில் சேர்க்காதீர்கள். பூஞ்சாணக்கொல்லி கலந்து விதைநேர்த்தி செய்த விதையைக் கழுவினாலும் வறுத்தாலும் மருந்து முழுவதும் போகாது. சாயம் வெளுத்திருந்தால் அது மருந்து கலந்த விதை என்று வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாமலும் போகலாம். விதை மூட்டையை உணவு தானியம் வைக்கும் இடத்தில் வைக்காமல் இருப்பதே நல்லது. அதுபோல உரம், பூச்சிமருந்து, தெளிப்பான் எதுவும் மாவு செய்யும் அறையில் இருக்கக் கூடாது. சில வீடுகளில் தானியத்துக்குள் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, குடியிருக்கும் வீட்டில் உயிருக்கே ஆபத்தானது. அதைத் தொடவே வேண்டாம். நன்றாகக் காயவைத்து, காற்றுப்புகாத டிரம்மில் வைத்தாலே போதும்.

நிலக்கடலையில் சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு கல்லீரலைக் கெடுக்கக் கூடியது. வறுக்கும் சூட்டில் அது முழுவதும் அழிவதில்லை. பொறுக்கிய கடலையை ஆடு மாடுகளுக்குப் போடுவதும் தவறு. பால் மாட்டுக்குப் போட்டால் நச்சு பாலில் வரும்.

தார் ரோட்டில் தானியம் உலர்த்தும் பழக்கத்தை இந்தத் தொழிலுக்கு விட்டுவிடுங்கள். டயர் தூசியும் கல்லும் மாவில் வந்தால் வாடிக்கையாளர் இரண்டாம் முறை வாங்க மாட்டார்.

முளைகட்டுவதும் உலர்த்துவதும்

கேழ்வரகை நான்கைந்து முறை கழுவி, கல் அரித்து, 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பிறகு வடித்து, சுத்தமான ஈரத்துணியில் கட்டி ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் வைத்தால் முளை வரும். முளை நீளமாக வளர வேண்டிய அவசியமில்லை. வெள்ளையாக எட்டிப் பார்த்தால் போதும். வழவழப்போ புளித்த வாடையோ வந்துவிட்டால் அந்தக் கட்டை முழுவதும் ஒதுக்கிவிடுங்கள். ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடித்தமானவை. கழுவும் தண்ணீர் நன்றாக இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

முளைகட்டுவதில் ருசிக்கு மேல் ஒரு பயன் இருக்கிறது. முளைக்கும் தானியத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி உண்டாகிறது. அதனால் கஞ்சி அதிகம் கெட்டிப்படாது, லேசான இனிப்பும் இருக்கும். வாடிக்கையாளர் கேட்டால் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

உலர்த்துவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். ஒரு மணியைக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஈரப்பதம் பார்க்கும் கருவி இருக்கும். அங்கே கொண்டுபோய்க் கேளுங்கள். 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. காய்ந்த தானியத்தைத் துணியில் போட்டுத் தேய்த்துப் புடைத்தால் முளைவேர் உதிர்ந்துவிடும். அதை நீக்காவிட்டால் மாவு லேசாகக் கசக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் முளைகட்டி உலர்த்துவது பெரிய பாடு. வெயில் இரண்டு நாள் வராவிட்டால் தானியத்தில் பூஞ்சணம் வந்துவிடும். எனவே மாசி முதல் வைகாசி வரை முளைகட்டி, உலர்த்தி, வறுக்காமல் முழுத் தானியமாக டிரம்மில் அடைத்து வையுங்கள். மழைக்காலத்தில் அதிலிருந்து வாரத்துக்குத் தேவையானதை மட்டும் எடுத்து வறுத்து அரைக்கலாம். தானியமாக மாதக்கணக்கில் இருப்பது, மாவாக அவ்வளவு நாள் இருக்காது. சூரியக்கூடார உலர்த்தி வைத்துள்ள குழு பக்கத்தில் இருந்தால் மழைக்காலத்துக்கும் வழி உண்டு.

கம்புக்குத் தனிக் கவனம் தேவை. கம்பில் கொழுப்பு மற்ற தானியங்களைவிட அதிகம். அரைத்தவுடன் அதிலுள்ள நொதி கொழுப்பை உடைக்கத் தொடங்கும். சில நாட்களிலேயே கசப்பும் பழைய வாடையும் வருவது இதனால்தான். முழுக் கம்பைக் கொதிக்கும் தண்ணீரில் அரை நிமிடம் போட்டு எடுத்து, உடனே வடித்து, நன்றாக உலர்த்திவிட்டு அரைத்தால் இந்த நொதி அடங்கிவிடும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் கம்பு சேர்த்த மாவுக்கு இரண்டு மாதம் தேதி போடாதீர்கள்.

நிலக்கடலை, முந்திரி, பாதாம் சேர்த்தாலும் இதே கதைதான். எண்ணெய்ச் சத்து கூடக் கூட மாவின் ஆயுள் குறையும். பருப்புகள் சேர்க்காத மாவு ஒன்று, சேர்த்த மாவு ஒன்று என்று இரண்டு வகையாகச் செய்து, இரண்டாவதை ஆர்டர் வந்த பிறகு மட்டும் அரைப்பது நல்ல வழி.

வறுவலும் அரவையும்

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்கக் கூடாது. கேழ்வரகு சீக்கிரம் வறுபடும், பயறு மெதுவாக வறுபடும். தனித்தனியாக, மிதமான தீயில், வாசனை வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். தானியத்துக்குள் வண்டு முட்டை இருந்தாலும் சீரான வறுவலில் அழிந்துவிடும். மாவில் வண்டு வருவது பெரும்பாலும் அரைகுறையாக வறுத்ததாலோ, வறுத்த பிறகு திறந்து வைத்ததாலோதான்.

ஊர் மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் மிளகாய்த் தூள் அரைத்திருப்பார்கள். முதலில் அரை கிலோ அரிசியை ஓட்டி எடுத்துவிட்டு உங்கள் தானியத்தைப் போடுங்கள். வேலை நாளில் காலையில் முதல் ஆளாகப் போவது இன்னும் நல்லது. அரைத்த மாவில் பெரிய காந்தம் ஒன்றை இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். மில் தேய்மானத்தின் இரும்புத் துகள் ஒட்டி வருவதைப் பார்த்தால் இந்த வேலையை இனி விட மாட்டீர்கள்.

மில்லிலிருந்து வரும் மாவு சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு பாக்கெட் போட்டால் உள்ளே வியர்த்து, கட்டி பிடித்து, பூஞ்சணம் வரும். சுத்தமான துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் மூடி, முழுவதும் ஆறிய பிறகு சலித்து அடையுங்கள். அன்றைக்கே அடைத்துவிட வேண்டும். செய்பவர் தலைமுடியை மூடிக் கட்டி, நகம் வெட்டி, மோதிரம் வளையல் கழற்றி வைத்து வேலை செய்ய வேண்டும். வயிற்றுப்போக்கோ கையில் சீழ்ப்புண்ணோ இருப்பவர் அன்று அடுப்பங்கரைக்கு வரக் கூடாது. கோழியும் பூனையும் உள்ளே வராதபடி கதவு இருக்க வேண்டும்.

எத்தனை நாள் இருக்கும் என்பதை நீங்களே சோதியுங்கள்

பக்கத்து ஊரில் ஒருவர் ஆறு மாதம் தேதி போடுகிறார் என்பதற்காக நீங்களும் போடாதீர்கள். முதல் முறை செய்த மாவில் எட்டுப் பாக்கெட்டை விற்காமல் எடுத்து வையுங்கள். 15 நாளுக்கு ஒன்றாகப் பிரித்து, வாடை பார்த்து, கட்டி இருக்கிறதா, பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, கஞ்சி காய்ச்சிக் குடித்துப் பாருங்கள். எந்த வாரத்தில் ருசி மாறுகிறதோ அதைக் குறித்து, அதற்கு ஒரு மாதம் முந்தைய அளவை லேபிளில் போடுங்கள். வெயில்காலத்தில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை இதைச் செய்தால் உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கே தெளிவு வரும்.

இப்போது கணக்கு

கீழே உள்ளது உதாரணக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். கேழ்வரகுக்கு மட்டும் 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 4,886 ரூபாயை வைத்து, கிலோ 49 ரூபாய் என்று எடுத்திருக்கிறோம்.

கேழ்வரகு 4 கிலோ 196 ரூபாய். கம்பு ஒன்றரை கிலோ 60. கோதுமை 1 கிலோ 45. பொட்டுக்கடலை 1 கிலோ 110. பாசிப்பயறு 1 கிலோ 120. நிலக்கடலை 1 கிலோ 140. புழுங்கலரிசி அரை கிலோ 25. ஏலக்காயும் சுக்கும் 100. ஆக 10 கிலோ தானியத்துக்கு 796 ரூபாய்.

கல், தூசி, முளைவேர், வறுவல், அரவை, சலிப்பு என்று போனது போக கைக்கு எட்டரை கிலோ மாவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை கிலோ பாக்கெட் 17. ஒரு பாக்கெட்டுக்கு மூலப்பொருள் செலவு 47 ரூபாய்தான். இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். 47 ரூபாய்ப் பொருளை 90 ரூபாய்க்கு விற்றால் பாதிக்குப் பாதி லாபம் என்று தோன்றும்.

மீதிச் செலவையும் எழுதுங்கள். அரவைக் கூலி 120. எரிவாயு அல்லது விறகு 100. பையும் லேபிளும் ஒன்றுக்கு 8 ரூபாய் வீதம் 136. பஸ், பெட்ரோல் 100. சாம்பிள் கொடுத்தது, கிழிந்த பை 50. கழுவியது, கட்டியது, காயப்போட்டது, வறுத்தது, அடைத்தது எல்லாம் சேர்த்து வீட்டார் உழைத்த 12 மணி நேரத்துக்கு, மணிக்கு 50 ரூபாய் வீதம் 600. மொத்தம் 1,902 ரூபாய். ஒரு பாக்கெட்டின் அடக்கவிலை ஏறக்குறைய 112 ரூபாய்.

அதே பாக்கெட்டை 90 ரூபாய்க்கு விற்றால் 17 பாக்கெட்டுக்கு 1,530 ரூபாய் வரும். கூலி நீங்கலான செலவு 1,302. மிஞ்சுவது 228 ரூபாய். 12 மணி நேர உழைப்புக்கு மணிக்கு 19 ரூபாய். களையெடுக்கப் போனாலே இதைவிடக் கிடைக்கும். வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் எழுதாத தொழில் லாபத்தில் ஓடுவது போலவே தெரியும். எழுதிப் பார்த்தால்தான் அவர்கள் சும்மா உழைத்திருக்கிறார்கள் என்பது விளங்கும். அதேபோல, சொந்த நிலத்துக் கேழ்வரகுதானே என்று விலை போடாமல் விடாதீர்கள். அதை மூட்டையாக விற்றிருந்தால் வந்திருக்கும் பணம் அது.

கடைக்குக் கொடுக்கும்போது இன்னொரு கணக்கு இருக்கிறது. கடைக்காரர் அதிகபட்ச விலையில் 20 சதவீதம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாக்கெட்டில் 140 ரூபாய் அச்சிட்டால் அவருக்கு 28, உங்களுக்கு 112. அடக்கவிலை மட்டும்தான் கைக்கு வருகிறது. நேரடியாக வாடிக்கையாளருக்கு 140-க்கு விற்றால் அந்த 28 உங்களுக்கு. கடை மூலமும் பாக்கெட்டுக்கு 20 ரூபாய் நிற்க வேண்டும் என்றால் 165 ரூபாய் அச்சிட வேண்டும். அந்த விலைக்கு உங்கள் ஊர்ப் பக்கம் வாங்குவார்களா என்பதைப் பை அச்சடிக்கும் முன் யோசியுங்கள். ஆயிரக்கணக்கில் பை அச்சடித்த பிறகு யோசித்துப் பயனில்லை. முதல் மூன்று மாதம் வெறும் பையில் ஒட்டும் லேபிள் போதும்.

பதிவும் லேபிளும்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-ன் கீழ் வீட்டில் செய்து விற்பவரும் பதிவு செய்ய வேண்டும். 2011-ல் வந்த விதிகள், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு தயாரிப்பாளருக்கு உரிமம் தேவையில்லை, பதிவுச் சான்று போதும் என்றும், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம் என்றும் வகுத்தன. விண்ணப்பம் ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில். விண்ணப்பிக்கும் நாளில் உள்ள வரம்பையும் கட்டணத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று இருந்தால் பொதுச் சேவை மையத்திலேயே செய்துவிடலாம். சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். தொழில் தொடங்கும் முன்னே போய்க் கேட்பவரை அவர்கள் விரட்டுவதில்லை. உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தனியார் இணையதளங்கள் இருக்கின்றன, கவனம்.

லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள் அளவு அதிகமானது முதலில் வரும்படி, நிகர எடை, தயாரித்த நாள், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற நாள், தொகுதி எண், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, உங்கள் பெயர், முகவரி, புகார் சொல்லத் தொலைபேசி எண், சைவப் பொருளுக்கான பச்சைக் குறி, 14 இலக்கப் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். கோதுமை, நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவை சேர்ந்திருப்பதைத் தெளிவாக எழுதுங்கள். பாக்கெட் போட்டு விற்பவர் எடையளவுச் சட்டத்தின் கீழும் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. தராசுக்கு முத்திரை வைப்பதும் அவர்களே.

லேபிளில் எழுதக் கூடாதவையும் உண்டு. "சர்க்கரை நோய் தீரும்", "மூட்டுவலி குணமாகும்" என்றெல்லாம் எழுதினால் சட்டச் சிக்கல் வரும். கைக்குழந்தைகளுக்கான உணவு என்றும் எழுதாதீர்கள், குழந்தைப் படமும் போடாதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவுக்கு 1992-ம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. "நன்றாகக் கொதிக்கவைத்துக் குடிக்கவும்" என்று எழுதுவது நல்லது.

வீட்டு உபயோகச் சிலிண்டரை விற்பனைக்கான சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டரோ விறகடுப்போ வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மெஷின் வாங்குவது எப்போது

மானியம் கிடைக்கிறது என்பதற்காக மெஷின் வாங்காதீர்கள். மேலே சொன்ன கணக்கில் அரவைக் கூலி கிலோவுக்கு 12 ரூபாய். மாதம் 100 கிலோ அரைத்தால் 1,200 ரூபாய். மெஷின் கடனின் மாதத் தவணையும் கரண்ட் பில்லும் இதைவிட அதிகம் என்றால் மில்லுக்கே போய்வாருங்கள். ஆரம்பத்தில் தேவை ஒரு நல்ல தராசு, கையால் அழுத்தும் சீலிங் மெஷின், மூடி உள்ள டிரம்கள், இவ்வளவுதான்.

விற்பனை நிலைத்த பிறகு, 2020-ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டத்தைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம். உங்கள் பங்கு குறைந்தது 10 சதவீதம். மீதி வங்கிக் கடன். மானியம் பணமாகக் கையில் வராது. கடன் கணக்கோடு வைக்கப்பட்டு, மூன்று ஆண்டுகள் ஒழுங்காகத் தவணை கட்டிய பிறகு கடனில் கழிக்கப்படும். சுய உதவிக் குழு உறுப்பினர்களுக்கு நடைமுறை மூலதனமாகவும் சிறு கருவிகளுக்காகவும் ஆளுக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி தரும் பிரிவும் இதில் உண்டு. விண்ணப்பம் பெறுகிறார்களா என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு பிறகு அலையுங்கள்.

பயிற்சிக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம், கோவையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் அறுவடை பின்சார் தொழில்நுட்ப மையம், தஞ்சாவூர் நிஃப்டெம் ஆகியவை இருக்கின்றன. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி இலவசம்.

எங்கே விற்பது

முதல் நூறு பாக்கெட்டைத் தெரிந்தவர்களுக்கு விற்பது சுலபம். நூற்று ஒன்றாவது பாக்கெட்டை யார் வாங்குகிறார் என்பதே விஷயம். பள்ளி ஆசிரியர்கள், வங்கி, அரசு அலுவலக ஊழியர்கள், பால் சொசைட்டிக்கு வருபவர்கள் என்று மாதாமாதம் திரும்ப வாங்கும் ஐம்பது குடும்பங்களைப் பிடியுங்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, அரைக்கும் நாளை முன்கூட்டியே சொல்லி, அரைத்த மறுநாள் கொடுத்தால் தேங்கிக் கெடும் சரக்கே இருக்காது. குழுவாக இருந்தால் மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டு, பூமாலை வணிக வளாகத்திலும் கண்காட்சிகளிலும் இடம் பெறலாம்.

கடைகளில் ஐந்துக்கு மேல் ஆரம்பத்தில் வேண்டாம். தேதி முடிந்த பாக்கெட்டின் நஷ்டம் யாருடையது, பணம் எத்தனை நாளில் என்பதை முதல் நாளே பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய பணம் வராமல் புதுச் சரக்கு வைக்காதீர்கள். தெரிந்த கடைக்காரரிடம் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும். முதல் சரக்கு வைக்கும்போதே சொல்லிவிட்டால் அந்தச் சங்கடம் ஒரு நாளோடு போய்விடும். சரக்குகளுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி பதிவு தேவையில்லை. ஆனால் கூரியரில் பெங்களூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் அனுப்பத் தொடங்கினால் வெளிமாநில விற்பனைக்கு விதி வேறு, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் தொகுதி எண், தேதி, எந்த மூட்டைத் தானியம், எத்தனை பாக்கெட், யார் யாருக்குப் போனது என்று எழுதி வையுங்கள். ஒரு வீட்டில் வண்டு என்று புகார் வந்தால், அதே தொகுதி வாங்கிய மற்ற பதினாறு வீட்டுக்கும் அன்று மாலையே போன் செய்து பாக்கெட்டைத் திரும்ப வாங்க முடியும்.

மாசி வெயில் தொடங்குவதற்குள் டிரம்மும் துணியும் தயாராக இருக்கட்டும். முதல் பத்து கிலோவை அப்போது முளைகட்டினால், ஐப்பசி மழைக்கு முன் எட்டுப் பாக்கெட் சோதனை முடிந்து உங்கள் மாவுக்கு எந்தத் தேதி போடலாம் என்பது தெரிந்திருக்கும்.